காவிரி அணைத்த தீவு

தீவு காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இருகிளையாய்ப் பிரிந்து அணைத்திருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணமும் தீவே. நண்பர்கள் சிலர் கூடிச் சென்றோம்.

வழியில் மத்தூர் வடை உண்டோம். அரிசி மாவும் ரவையும் வெங்காயமும் கலந்து தட்டையாய்ப் பொரித்தது. உளுந்து வடையின் மென்மையை அதில் தேடலாகாது.

கோட்டையினுள் பள்ளிகொண்ட பெருமாளை ஆதிரங்கர் என்பர். சிவனசமுத்திரமும் திருவரங்கமும் இதே ஆற்றின் பிற தீவுகள். அதே கோட்டைக்குள் திப்புவின் பள்ளிவாசலும் உண்டு.

1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்த இடத்தைக் கண்டதும் பலர் திரும்பிவிடுகின்றனர். அது போதாது. 1784-இல் அவர் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முன் சற்றே நிற்க வேண்டும். 1780-இல் காஞ்சிக்கு அருகில், ஆங்கிலேயர் ‘பொள்ளிலூர்’ என்றெழுதிய நம் புள்ளலூரில், அவர்தம் படை முறியடிக்கப்பட்ட காட்சி அங்கே தீட்டப்பட்டுள்ளது. தளபதி பெய்லி பல்லக்கில் இருக்கிறார். வியப்பு யாதெனில், திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, தம்மவர் தோல்வியைக் காட்டும் அவ்வோவியத்தை அழிக்கவில்லை, செப்பனிடச் செய்தார்.

பிரிந்த கிளைகள் கூடும் சங்கமத்தில் புளியோதரைப் பொட்டலங்களை அவிழ்த்தபோதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.