மைசூர் மல்லிகையும் நம் மேடையும்

(மைசூரில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் இதுதான். அடுத்த குடும்ப விழாவில் நாமே நடித்து, நாமே பாடி, ஒரு பழைய இசை நாடகம் போட வேண்டும் என்ற யோசனை வந்திருக்கிறது. எந்த நாடகம் என்பதில் இரண்டு கட்சி. 'வள்ளி திருமணம்' போடலாம், நாம் தமிழர்கள், தமிழ் நாடகம்தான் போட வேண்டும் என்பது ஒரு கட்சி. இருப்பது மைசூரில், அதனால் 'மைசூர மல்லிகே' போடலாம் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. "நாடகமெல்லாம் எதற்கு? ஆர்கெஸ்ட்ரா வைத்து விட்டால் வேலை முடிந்தது" என்பது அவர்கள் வாதம். மூன்று கட்சிக்காரர்களும் எனக்கு வேண்டியவர்கள். ஆகையால் ஜாக்கிரதையாகவே பேசுகிறேன்.

முதலில், பிற ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்காக 'மைசூர மல்லிகே' என்றால் என்ன என்று சொல்லி விடுகிறேன். அது 1942-இல் வெளியான ஒரு கன்னடக் கவிதைத் தொகுதி. எழுதியவர் கே.எஸ். நரசிம்மஸ்வாமி. இன்றைய மண்டியா ஜில்லாவில் உள்ள கிக்கேரியில் 1915-இல் பிறந்தவர். அரசாங்க உத்தியோகத்தில் குமாஸ்தாவாக வாழ்க்கை நடத்தியவர். புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 27. ராஜா ராணிக் கதை கிடையாது. புதிதாகக் கல்யாணமான கணவன் மனைவி, மாமனார் வீட்டுக்கு வந்து சேரும் மாப்பிள்ளை, பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் சேதி கொண்டு போகும் வளையல் வியாபாரி சென்னய்யா, தாயில்லாப் பெண்ணாக வளரும் சானுபோகர் மகள். கிராமத்துக் கணக்குப் பிள்ளையைத்தான் இங்கே சானுபோகர் என்பார்கள். இவ்வளவுதான் பாத்திரங்கள். ஆனால் கன்னடம் பேசும் வீடுகளில் கல்யாணப் பரிசாகக் கொடுக்கும் புத்தகமாக அது ஆகிவிட்டது.

பிறகு சங்கீதம் வந்து சேர்ந்தது. மைசூர் அனந்தஸ்வாமி, சி. அஸ்வத் போன்றவர்கள் இந்தக் கவிதைகளுக்கு மெட்டமைத்து வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார்கள். 1992-இல் டி.எஸ். நாகாபரணா இதே பெயரில் திரைப்படமாக எடுத்தார். பாடல்களுக்காகக் கவிஞருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அவர் 2003 டிசம்பரில் காலமானார். பெங்களூரின் 'கலாகங்கோத்ரி' என்ற அமெச்சூர் குழு இந்தக் கவிதைகளைக் கோத்து இசை நாடகமாக மேடையேற்றியது. ராஜேந்திர காரந்த் எழுத, பி.வி. ராஜாராம் இயக்கியது. 1980-இலிருந்து 'முக்யமந்த்ரி' நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதில் நடித்த சந்துருவுக்கு 'முக்யமந்த்ரி சந்துரு' என்ற பெயரே நிலைத்துப் போகும்படி செய்த குழுவும் இதுதான்.

இனி மூன்றாவது கட்சிக்கு வருகிறேன். ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவர்கள் மேடையில் இருப்பார்கள், நாம் நாற்காலியில் இருப்போம். பாட்டு முடிந்ததும் கை தட்டுவோம். வீட்டில் ஒலிநாடா கேட்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாடகம் போடுவது அப்படி இல்லை. மூன்று மாதம் ஒத்திகை வேண்டும். எழுபது வயது மாமி, பதினேழு வயதுப் பையனுக்கு எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லை இழுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பையன் மாமிக்கு மைக்கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய நினைவு என்பது உட்கார்ந்து பெருமூச்சு விடுவதற்கு மட்டும் என்றால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதுவே நம்மை எழுப்பி வேலை வாங்குமானால், அதற்கு மதிப்பு உண்டு. நான் நாடகத்தின் பக்கம் நிற்பதற்கு இதுதான் காரணம்.

"நமக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம்? கம்பெனிக்காரர்கள் தொழில் அல்லவா அது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சரித்திரத்தில் இருக்கிறது. 1891-இல் பல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. தலைவர் கிருஷ்ணமாசார்லு, பல்லாரியில் வக்கீல். அவரோடு நடித்தவர்களும் படித்த, உத்தியோகம் பார்க்கும் மனிதர்கள். அதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார் என்ற இளைஞருக்கு, கௌரவமான மனிதர்களும் நாடகம் ஆடலாம் என்ற எண்ணம் பிறந்தது. அதே வருஷம் சுகுண விலாஸ சபை ஆரம்பமாயிற்று. தமிழ் அமெச்சூர் நாடகத்தின் தொடக்கம் அது. முதலியாரும் பிற்பாடு வக்கீலாகி, நீதிபதியும் ஆனார். பல்லாரி இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. ஆக, தமிழ் நாடகத்துக்கு விதை இந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. பெங்களூரில் அமெச்சூர் டிராமாடிக் அசோசியேஷன் தோன்றியது 1909-இல்.

நம் ஊர்க் கதையையும் கேளுங்கள். பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில் மைசூர் அரண்மனை ஆதரவில் நாடக சபை நடந்தது. பஸவப்ப சாஸ்திரி 'சாகுந்தல'த்தைக் கன்னடத்தில் கொண்டு வந்தார். அதன் பின் வந்த ஏ.வி. வரதாசார், ரத்னாவளி நாடகக் கம்பெனி நடத்திய ஐயங்கார். அவர் பாட்டுக்கென்றே ஜனங்கள் கூடுவார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டும்.

இன்னும் மூன்று பேரைச் சொல்கிறேன். மூவர் வீட்டிலும் தமிழ். கன்னட நாடகத்தைப் பேச்சு வழக்குக்குக் கொண்டு வந்த டி.பி. கைலாசம், ஜஸ்டிஸ் பரமசிவ ஐயரின் பிள்ளை. லண்டனில் நிலவியல் படித்து விட்டு வந்தவர். அவருடைய ஹாஸ்யப் பாட்டுகளை இன்றும் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுகிறார்கள். இரண்டாமவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார், 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றவர். மூன்றாமவர் மேல்கோட்டை பு.தி. நரசிம்மாசார். கவிஞரான அவர் சங்கீதமும் அறிந்தவர். கீத நாடகங்கள் எழுதி, அந்த வகை நூல் ஒன்றுக்கே 1966-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். கிருஷ்ணன் கோகுலத்தை விட்டுப் புறப்படும் அவருடைய 'கோகுல நிர்கமன'த்தை பி.வி. காரந்த் மேடையேற்றினார். மைசூர் ரங்காயணத்தை 1989-இல் தொடங்கி வைத்த காரந்த்தான் அவர்.

வீட்டில் தமிழ் பேசியதால் இவர்கள் கன்னடத்துக்கு அந்நியர் ஆகவில்லை. கன்னடத்தில் எழுதியதால் வீட்டுத் தமிழும் குறைந்து விடவில்லை. ஆகவே "தமிழ் நாடகமா, கன்னட நாடகமா?" என்று சண்டை போட வேண்டிய அவசியம் மைசூர்க்காரர்களுக்கு இல்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

'வள்ளி திருமணம்' சாமான்யமான நாடகம் அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் தந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அதில் பாடிய காலத்தைப் பற்றி நம் தாத்தாக்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஆனால் கிட்டப்பா 1933-லேயே காலமாகி விட்டார். அதை நேரில் கேட்டவர்கள் இன்று நம்மிடையே இல்லை. 'மைசூர மல்லிகே' பாடல்களை மனப்பாடமாகப் பாடுகிறவர்கள் இதோ முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்போதே கற்றுக் கொள்ள வேண்டும். தமிழ் நாடகம் அடுத்த முறை வரட்டும். அது அச்சில் இருக்கிறது, காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஆட்சேபம் உண்டு. அதை எழுப்பியது நம் பெண் குழந்தைகளே. "கணவன் வருவானா என்று பார்த்துக் கொண்டு நிற்பதுதான் கதாநாயகியின் வேலையா? நாங்கள் அதில் எதற்கு நடிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. அந்தக் காலத்துப் பெண்ணுக்குப் படிப்பும் சம்பாத்தியமும் எட்டாத தூரத்தில் இருந்தன. பாட்டின் இனிமையில் அது மறந்து போகும். மேடையில் அதை மறைக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். அந்தக் கவிதைகளில் கணவனும்தான் ஏங்குகிறான், பிரிவைத் தாங்காமல் தவிக்கிறான். மனைவியைச் சமமான தோழியாக நினைத்துப் பேசும் ஆண் குரல் 1942-இல் அத்தனை சகஜமா? இதையும் குழந்தைகள் கவனிக்கட்டும். பிறகு அவர்களே தீர்மானிக்கட்டும்.

நடைமுறைக்கு வருவோம். பிற ஊர் அங்கத்தினர்களுக்கும் இது பயன்படும். நாடகத்துக்கும் பாட்டுக்கும் காப்புரிமை உண்டு. ஆசிரியர் காலமான பின் 60 வருஷம் வரை அது நீடிக்கும். நரசிம்மஸ்வாமியின் பாடல்களுக்கு 2063 முடிய இருக்கிறது. கைலாசத்தின் எழுத்துக்கு 2006-உடன் முடிந்து விட்டது. 1957-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. அமெச்சூர் சங்கம் ஒன்று, கட்டணம் வாங்காமல் பார்வையாளர் முன்னிலையிலோ, ஒரு மத ஸ்தாபனத்தின் உதவிக்காகவோ நடத்தினால் அது உரிமை மீறல் ஆகாது. ஆனால் டிக்கெட் விற்றாலோ, வசனத்தை மாற்றி எழுதினாலோ, வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாலோ இந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது. சலுகை இருந்தாலும் நாடகம் எழுதியவருக்கும் கவிஞரின் குடும்பத்தாருக்கும் ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்பதே மரியாதை. நம் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை எடுத்துக் கொள்ள உரிமை இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு விட்டுத்தானே எடுப்போம்?

என் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டுகள் கன்னடத்திலேயே இருக்கட்டும். அனுமதி கிடைத்தால், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் ஒரு பாட்டியும் பேத்தியும் வந்து, நம் வீட்டுத் தமிழில் கதையைத் தொடுத்துக் கொடுக்கட்டும். பாட்டைப் பதிவு செய்து வைத்துக் கொண்டு வாயை அசைக்க வேண்டாம். சுருதி கொஞ்சம் விலகினாலும் பாதகமில்லை, நேரே பாட வேண்டும். ஹார்மோனியம், தபலா, புல்லாங்குழல் போதும். சுருதியை நடிக்கிற குழந்தையின் குரலுக்குத் தக்கபடி வைக்க வேண்டும், ஒலிநாடாவில் உள்ளபடி அல்ல. இரண்டு மணி நேரத்துக்குமேல் போகக் கூடாது. வளையல் செட்டியார் வேஷத்துக்கு மட்டும் போட்டி பலமாக இருக்கும் போலத் தெரிகிறது. அதைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக் கொள்ளலாம்.

மற்ற ஊர்களில் இருப்பவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு, 1882-இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் எழுதிய 'சங்கீத ஸௌபத்ர' இருக்கிறது. மராட்டியர்கள் அதை இன்னும் விடாமல் போடுகிறார்கள். குடியிருக்கும் ஊரின் பாட்டைக் கற்றுக் கொள்வது, அந்த ஊருக்கு நாம் செய்யும் நமஸ்காரம்.

இந்த ஊரின் பெயர் அதிகாரபூர்வமாக 'மைசூரு' ஆனது 2014 நவம்பரில். மைசூர் மல்லிகைக்கும், மைசூர் வெற்றிலைக்கும், நஞ்சன்கூடு ரஸபாளை வாழைக்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். பெயருக்குப் பாதுகாப்பு வந்து விட்டது. ஆனால் ரஸபாளை விளையும் தோட்டங்கள் எவ்வளவு குறைந்து போயின என்பது எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ் இருந்தால் மட்டும் வாழை குலை தள்ளாது. யாராவது கன்று நட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாட்டுக்கும் அதே கதிதான். ஒலிநாடாவும் குறுந்தகடும் பெயரைக் காப்பாற்றும். பாட்டைக் காப்பாற்ற ஒரு தொண்டையிலிருந்து இன்னொரு தொண்டைக்குப் போக வேண்டும்.

ஆகவே இன்று சாப்பாட்டுக்குப் பிறகு, வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பாடத் தெரிந்த பெரியவர்கள் ஒரு பக்கத்திலும், கற்றுக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் எதிர்ப் பக்கத்திலும் பெயர் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நிரம்பினால் நாடகம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் நிரம்பினால், மூன்றாவது கட்சி ஜெயித்தது என்று ஒப்புக் கொண்டு ஆர்கெஸ்ட்ராவுக்குச் சொல்லி அனுப்பி விடலாம்.