அச்சமா, கையிருப்பின்மையா?

(விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

"பெண்கள் துணிந்து முதலிட மாட்டார்கள்" என்பது வணிகக் குடும்பங்களில் நெடுங்காலமாகக் கேட்டுவரும் சொல். அது எவ்வளவு மெய் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

இழப்பு நேரக்கூடிய முடிவுகளில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று எச்சரிக்கையாக இருப்பதைப் பொருளியல் ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. ஆயினும் எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு. அமெரிக்காவில் பார்பர், ஓடீன் என்னும் அறிஞர் இருவர், 1991 முதல் 1997 வரை 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்குச்சந்தைக் கணக்குகளை ஆராய்ந்தனர். ஆண்கள் பெண்களைவிட 45 விழுக்காடு மிகுதியாகப் பங்குகளை வாங்கி விற்றனர். அதனால் ஆண்களின் ஆண்டு ஆதாயம் 2.65 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. பெண்களுக்குக் குறைந்ததோ 1.72 புள்ளிகளே. அங்கே முதலைக் காத்தது நிதானமே.

துணிவும் பிறப்பால் மட்டும் வருவதன்று. மேகாலயாவின் காசி மக்களிடையே குடும்பச் சொத்து இளைய மகளைச் சேரும். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாளியில் பந்தெறியும் ஆட்டத்திற்குத் தனித்துக் கூலி பெறுவதா, பிறருடன் போட்டியிட்டு வென்று மிகுதியாகப் பெறுவதா என்று கேட்டனர். தான்சானியாவின் மாசாய் மக்களிடையே ஆண்களே போட்டியை மிகுதியாக நாடினர். காசி மக்களிடையே பெண்களே முந்தினர். சொத்துரிமையும் சமூக மதிப்பும் மனத்தின் துணிவையும் மாற்றவல்லன என்று எண்ண இது இடந்தருகிறது.

வங்கியில் கடன் கேட்கும் பெண்ணிடம் ஈடு கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் தந்தை பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கும். அவள் திரும்பி வருவாள்; நாம் அதனை அச்சம் என்போம். ஆனால் 1974இல் அகமதாபாத்தில், இலா பட் அம்மையார் வழிகாட்ட, உழைக்கும் எளிய பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப்பணம் செலுத்தித் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியையே தோற்றுவித்தனர். அவர்களிடம் இல்லாதிருந்தது துணிவன்று, வாயில்தான்.

சட்டமும் வாயிலைத் திறந்துள்ளது. சமணர்களுக்கும் பொருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், 1989இல் தமிழகமும் 2005இல் நாடாளுமன்றமும் செய்த திருத்தங்கள் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்குரிமை அளித்தன. எனினும், "அண்ணனுக்கே இருக்கட்டும்" என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் இன்னும் பதிவாகின்றன.

குடும்பத் தலைவர் திடீரென மறைந்தபின், எவரிடம் எவ்வளவு வரவேண்டும், எவர்க்கு எவ்வளவு தரவேண்டும் என்று அறியாமல் பேரேட்டின்முன் கலங்கி நிற்கும் துணைவியரை நாம் கண்டதில்லையா? அதனினும் பெரிய இடர் ஒரு குடும்பத்திற்கு வேறென்ன உண்டு?

ஆகவே மூன்றே வேண்டுகோள்கள்: இல்லத்துப் பெண்ணின் பெயரில், அவளே இயக்கும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கட்டும். வாங்கும் மனையில் அவள் பெயரும் இடம்பெறட்டும். மாதம் ஒருமுறை கடைக்கணக்கு அவள்முன் விரிக்கப்படட்டும். இவற்றைச் செய்த பின்னர் அவள் துணிவை நாம் அளந்து பார்க்கலாம்.