செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர்

(தூத்துக்குடி பட்டிமன்றம். தலைப்பு: உடல் இளைக்க விற்கும் போலி மருந்துகள் பெருகக் காரணம் விற்பவரின் பேராசையா? வாங்குபவரின் அவசரமா? ‘வாங்குபவரின் அவசரமே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! பேராசைதான் காரணம் என்று, தங்களுக்குக் கொடுத்த நேரத்துக்கு மேலேயும் பேராசைப்பட்டுப் பேசிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கடற்காற்றில் காதை மூடிக்கொண்டும் கேட்டுக்கொண்டிருக்கும் தூத்துக்குடிப் பெருமக்களே!

இந்த ஊர் எனக்குப் புதுசு இல்லைங்க. என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த ஊர். இன்னிக்குக் காலையில மச்சானோட மீன் வாங்கப் போனேன். ஒரு சீலா மீனைக் கையில எடுத்தாரு. செவுளைத் தூக்கி, உள்ளே செக்கச்செவேல்னு இருக்கான்னு பார்த்தாரு. கண்ணைப் பார்த்தாரு. வயித்தை விரலால அமுக்கிப் பார்த்தாரு. அதுக்கப்புறமும் பேரம். இத்தனைக்கும் அந்த மீன்காரம்மாகிட்ட இருபது வருஷமா வாங்குறாராம்!

வீட்டுக்கு வந்தோம். வாசல்ல கூரியர் பையன் ஒரு பெட்டியோட நிற்கிறான். மச்சான் வாங்கினாரு. பேரு சரியா இருக்கான்னு மட்டும் பார்த்தாரு. மருந்தோட பேரை இல்லீங்க, அவரோட பேரை! (சிரிப்பு) கையெழுத்துப் போட்டாரு, உள்ளே போயிட்டாரு. குழம்புல கிடக்கப் போற மீனுக்கு மூணு சோதனை. ரத்தத்துல கலக்கப் போற மருந்துக்கு ஒண்ணு கூட இல்லை.

எதிரணியில பேசின அம்மா, விற்கிறவன் அயோக்கியன்னாங்க. ஒத்துக்கறேன். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனா அந்த அயோக்கியன் யாரை நம்பிக் கடை திறந்தான்? நாப்பது நாள்ல பதினஞ்சு கிலோ குறையணும்கிற நம்ம அவசரத்தை நம்பித்தானே திறந்தான்! (கைதட்டல்)

போலியைப் பத்தி இந்த ஊருக்கு நான் சொல்லித் தரணுமா? கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடின காலம் முதல், கடைசியாக இங்கே முத்துக் குளித்த 1961-ஆம் ஆண்டு வரைக்கும், நல்ல முத்து எது, சொத்தை எது என்று தரம் பிரித்த கரை இது. துளை போட்ட பித்தளைச் சல்லடையில சலிச்சு அளவு பார்ப்பாங்க. நிறம் பார்ப்பாங்க, உருட்சி பார்ப்பாங்க. சந்தேகம்னா பல்லுல தேய்ச்சுப் பார்ப்பாங்க. அசல் முத்து நறநறங்கும். கண்ணாடி மணியில மீன் செதில் பூச்சுப் பூசினதா இருந்தா வழுக்கிக்கிட்டுப் போகும். (என் பல்லுல தேய்ச்சா முத்து நிற்கும், பல்லு வந்துரும், அது வேற கதை.)

வலம்புரிச் சங்கை எடுத்துக்குங்க. கிடைக்கிறதே அபூர்வம். ஆனா கடைக்குக் கடை வலம்புரி விற்குதே, எப்படி? அதுல பல, அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில வாழ்ற வேறொரு கடல் நத்தையோட ஓடு. அந்த இனமே பிறவியிலேயே அப்படித் திரும்பினதுதான். நம்ம சங்கோட வாய்க்குள்ள பார்த்தா நடுத்தண்டுல மூணு நாலு வரம்பு மடிப்பு மடிப்பா ஓடும். அதுல அந்த மடிப்பு இருக்காது. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். அது பிளாஸ்டிக் சாமான் இல்லை. அதுவும் கடல்ல பிறந்த நிஜமான ஓடு. பேரு மட்டும்தான் பொய்.

இந்தச் சங்கை மனசுல வெச்சுக்கிட்டு ஊசிக்கு வாங்க.

செமாக்ளூடைடுன்னு ஒரு மருந்து. ஓசெம்பிக்ங்கிற பேர்ல சர்க்கரை நோய்க்காக வந்தது. பேனா மாதிரி இருக்கும், வாரம் ஒரு ஊசி. பசி அடங்குது, எடை குறையுதுன்னு தெரிஞ்சதும் உலகமே வரிசையில நின்னுச்சு. தட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாட்டுக்குப் பின்னாலேயே போலி வந்தது. 2023 அக்டோபரில் பிரேசிலிலும் பிரிட்டனிலும், டிசம்பரில் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள். 2024 ஜூன் 20-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. ஆஸ்திரியா நாட்டில் 2023-இல் அப்படி ஒரு பேனாவை வாங்கிப் போட்டுக்கொண்ட சிலர், ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்கவேண்டும் என்று அந்த நாட்டு மருந்துக் கண்காணிப்பு அலுவலகம் சொன்னது.

புரியுதுங்களா? அமெரிக்க ஓட்டுக்கு வலம்புரின்னு பேரு வெச்ச மாதிரி, இன்சுலினுக்கு வேற லேபிள்! போலின்னா வெறும் பச்சைத் தண்ணி, போனா காசுதானே போகும்னுதான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். உள்ளே இருக்கிறது வேற ஒரு அசல் மருந்துங்க. தன் வேலையை அது ஒழுங்காச் செய்யும், அதான் ஆபத்து.

நம்ம வீட்டுல தாத்தாவுக்கு ‘லோ சுகர்’ ஆகிப் பார்த்திருக்கோம். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். பேரன் ஓடிப்போய்ச் சீனியைக் கொண்டாந்து வாயில போடுவான். ஏன்? தாத்தா இன்சுலின் போடுறாருன்னு பேரனுக்குத் தெரியும். இங்கே போட்டுக்கிட்டவருக்கே அது இன்சுலின்னு தெரியாதே! சர்க்கரை நோயே இல்லாத ஆளு, நடுராத்திரி அறைக்குள்ள தனியா விழுந்து கிடக்கிறாரு. யாருங்க சீனி எடுத்துக்கிட்டு ஓடி வருவா?

(அரங்கில் அமைதி)

மாத்திரையும் அப்படித்தான். சிபுட்ரமின்னு ஒரு எடைக் குறைப்பு மாத்திரை இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் வருதுன்னு 2010-ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் எடுத்துட்டாங்க. 2011-ல இந்தியாவும் தடை போட்டது. அது செத்துப் போச்சா? இல்லை. பச்சை இலை படம் போட்ட டப்பாவுக்குள்ள போய் உட்கார்ந்துகிட்டு, ‘முழுக்க மூலிகை’ன்னு பேரு வாங்கிடுச்சு! அமெரிக்க மருந்து நிர்வாகம் சோதிச்சுப் பார்த்த எத்தனையோ ‘மூலிகை’ மாத்திரைகள்ல இதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்கு. இன்னொண்ணு டைநைட்ரோபீனால். முதல் உலகப் போரில் பிரான்சில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கையாண்ட ரசாயனம் ஐயா அது! அங்கே வேலை செய்தவர்கள் காய்ச்சல் கண்டு, மெலிந்து, சிலர் செத்தே போனார்கள். அந்த மெலிவைப் பார்த்து 1930-களில் அமெரிக்காவில் மாத்திரையாக்கி விற்றார்கள். கண்புரையும் சாவும் வந்த பிறகு 1938-இல் நிறுத்தினார்கள். அதையே 2015-இல் இணையத்தில் வாங்கித் தின்று இங்கிலாந்தில் 21 வயது மாணவி ஒருவர் இறந்தார். உடம்புக்குள்ள அடுப்பைப் பத்தவெச்சுட்டு அணைக்கத் தெரியாத மருந்து அது.

உடனே எதிரணி கேட்பாங்க: சட்டம் தூங்குதான்னு. தூங்கலை, புரண்டு படுக்குது! 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, விதிமுறை வருகிறவரை இணையத்தில் மருந்து விற்கக் கூடாது என்றார். 2019 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அதே சட்டத்தில், போலி மருந்தால் உயிர் போனால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் தண்டனை வரைக்கும் இருக்கிறது. ஆனா தண்டனை கொடுக்க ஆளு வேணுமே! அவன் வெச்சிருக்கிறது ஒரு வாட்ஸ்அப் நம்பரு. நாளைக்கு அந்த நம்பரும் இருக்காது.

நான் தமிழ் வாத்தியார். வள்ளுவர் இல்லாம இறங்க மாட்டேன். ‘மருந்து’ன்னு ஒரு அதிகாரம் எழுதினார். பத்துக் குறள்ல ஒரு மாத்திரை பேரு கூடக் கிடையாது. பெரும்பாலும் செரிச்ச பிறகு சாப்பிடு, அளவாச் சாப்பிடுங்கிறதுதான். கடைசிக் குறள்ல, மருத்துவம்னா நாலு பேரு சேர்ந்ததுங்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து பார்த்துக்கிறவர். போன்ல மருந்து வாங்கும்போது என்ன ஆகுது? மருத்துவர் இல்லை. வீட்டுக்குத் தெரியாம வாங்குறதால பக்கத்துல ஆளு இல்லை. மருந்தும் மருந்துதானான்னு தெரியலை. மிச்சம் இருக்கிறது நோயாளி ஒருத்தன். அஞ்சாவதா வள்ளுவருக்கே தெரியாத ஒரு ஆளு, கூரியர் பையன்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்த நாலாவது ஆளைப் பத்திக் கொஞ்சம் பேசணும். முத்துக் குளிக்க இறங்குறவனோட கயிறு மேலே தோணியில ஒருத்தர் கையில இருக்கும். அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மனைவியோட கூடப்பிறந்தவன் கையிலதான் கொடுப்பாங்கன்னு இந்தக் கடற்கரையில சொல்லுவாங்க. தங்கச்சி தாலி ஆச்சே, கயிற்றை விட மாட்டான்!

நான் விட்டேன்.

என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. நாப்பத்தஞ்சு நாள் இருக்கு. கொஞ்சம் பூசினாப்ல இருப்பா. நிச்சயதார்த்த வீட்டுல நான் சும்மா இருக்கலாம்ல? பட்டிமன்றக்காரன் வாயி! ‘என்ன மாப்பிள்ளை, வீட்டு வாசக்கதவை இப்பவே அகலப்படுத்திருங்க’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. மேடையில இதே மாதிரி குண்டு ஜோக் நூறு சொல்லியிருப்பேன், நீங்களும் கைதட்டியிருப்பீங்க.

அன்னைக்கு ராத்திரியே அவ போன்ல ஒரு மாத்திரைக்குப் பணம் கட்டியிருக்கா. முழுக்க மூலிகை, முப்பது நாள்ல பலன், டாக்டர் சீட்டு வேண்டாம். ரெண்டாவது வாரம் தூக்கம் போச்சு. வாய் வறண்டு போச்சு. ஒருநாள் சாயங்காலம் படியேறினவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். நெஞ்சு படபடப்பு நிற்கவே இல்லை. ‘என்ன மருந்து சாப்பிடுற’ன்னு டாக்டர் மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் ‘ஒண்ணுமில்லை’ன்னா. எங்களையெல்லாம் வெளியே அனுப்பிட்டு, நாலாவது தடவை கேட்டப்பத்தான் கைப்பையிலேர்ந்து டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கா. கடவுள் புண்ணியம், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துட்டா.

அந்த டாக்டர் திட்டவே இல்லைங்க. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. தயாரிச்சவர் முகவரி இல்லை. பேட்ச் நம்பர் இல்லை. ‘இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஆய்வுக்கூடம்தான் சொல்லணும். தூக்கிப் போட்டுறாதீங்க. டப்பா, பில்லு, பணம் கட்டின ரசீது எல்லாத்தையும் மருந்து ஆய்வாளர்கிட்ட கொடுங்க’ன்னாரு. நான் கேட்டேன், ‘டாக்டர், என்னை மாதிரி ஆளு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?’ அவரு சொன்னதைச் சொல்றேன், வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பாருங்க.

சீட்டே கேட்காம ஊசி மருந்து தர்றேங்கிறவன்கிட்ட வாங்காதீங்க. மௌன்ஜாரோ 2025 மார்ச்லயும், வெகோவி ஜூன்லயும், ஓசெம்பிக் டிசம்பர்லயும் நம்ம நாட்டுக்கு முறையா வந்தாச்சு. டாக்டர் எழுதிக் கொடுத்தா மருந்துக் கடையிலேயே வாங்கலாம். பில்லுல கடையோட மருந்து உரிம எண் இருக்கணும். பில்லு, பெட்டி, உள்ளே இருக்கிற பேனா, மூணுலயும் பேட்ச் நம்பர் ஒண்ணா இருக்கணும். சந்தேகம்னா அந்த நம்பரைச் சொல்லித் தயாரிச்ச கம்பெனியையே கேளுங்க. லேபிள் ஓரம் தூக்கியிருந்தா, ஒரு லேபிள் மேல இன்னொண்ணு ஒட்டின மாதிரி இருந்தா, அதுதாங்க செவுளு! பார்த்துத் திருப்பிக் கொடுத்துருங்க. பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிர்ல இருக்கவேண்டியது. மீனை ஐஸ் இல்லாம ஒரு மைல் அனுப்பாத ஊர் இது. தூத்துக்குடி வெயில்ல சாதாக் கூரியர் பையில மூணு நாள் கிடந்து வந்த ஊசியை ஏன் வாங்குறீங்க? கண்ணாடிக் குப்பியில வெள்ளைப் பொடியைக் கொடுத்து, வீட்டுலயே தண்ணி கலந்து குத்திக்கோங்கிறானே, அவன்கிட்ட பேச்சே வேண்டாம்.

நடுவர் அவர்களே! எதிரணியில ஒருத்தர் கேட்டாரு, ஏமாந்தவங்களைப் போய்க் குற்றவாளிக் கூண்டுல ஏத்துறீங்களேன்னு. நான் அவளை ஏத்தலை. வாங்குறவங்க அவசரம்தான் காரணம்னு பேச வந்தேன். அந்த அவசரத்தை அவளுக்கு யார் கொடுத்தான்னு பார்த்தா, கூண்டுல நான்தான் நிற்கிறேன். என் அணித் தலைவர் முறைக்கிறாரு. தலைப்பை விட்டு வெளியே போயிட்டேன்னு நினைக்கிறாரு போல. (சிரிப்பு) தீர்ப்பு உங்க கையில.

மணி அடிச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். அந்தப் பொண்ணு இப்ப மூணாவது வரிசையில மாப்பிள்ளையோட உட்கார்ந்திருக்கா. காலையில மீன் குழம்பு சாப்பிடும்போது, ‘இந்தக் கதையை மேடையில சொல்லட்டுமா பாப்பா’ன்னு கேட்டேன். ‘சொல்லுங்க மாமா. ஆனா கதவு ஜோக்கையும் சேர்த்துச் சொல்லணும்’னா.

சொல்லிட்டேம்மா.