மின்சாரத் தொழிலைக் கற்போம்! யந்திரத்தின் சூட்சுமம் நம் கைக்கு வரட்டும்!

(கணியம்பாடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், கட்டணத்தைப் பற்றியோ மின்வெட்டைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதற்கு வேறு மேடை இருக்கிறது. இன்று நான் பேச வந்தது மின்சாரத் தொழிற்கல்வியைப் பற்றி. யந்திரத்தை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றிய படிப்பைப் பற்றி.

“இது இன்ஜினீயர் சமாச்சாரம். நாற்று நடுகிறவனுக்கும், அறுந்த நூலை முடிகிறவளுக்கும் இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. யந்திரத்தோடு பத்து மணி நேரம் நிற்பவன் நீ. அதன் பொத்தானை அழுத்துவது உன் விரல். அது தவறாக ஓடினால் போவதும் உன் விரல்தான். ஆகவே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் உனக்குத்தான் உண்டு.

கிணற்றடியில் இருக்கும் பாடம்

இந்த வட்டாரத்தில் மலையடிவாரம் வரைக்கும் கிணற்றுப் பாசனம். கிணற்றுக்குக் கிணறு மோட்டார் கொட்டகை. கொட்டகைச் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. அதில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். இதைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை.

பச்சையை அழுத்துகிறோம். உள்ளே ஒரு காயிலுக்கு மின்சாரம் போகிறது. காயில் காந்தமாகிறது. காந்தம் ஓர் இரும்புத் துண்டை இழுக்கிறது. அதோடு சேர்ந்து மூன்று பேஸின் செம்புத் தகடுகளும் போய் ஒட்டிக்கொள்கின்றன. மோட்டார் ஓடுகிறது.

சரி, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுகிறோமே, அப்புறமும் மோட்டார் ஏன் ஓடிக்கொண்டிருக்கிறது? யோசித்திருக்கிறீர்களா? அந்த மூன்று தகடுகளோடு நான்காவதாக ஒரு சின்னத் தகடும் சேர்ந்து ஒட்டுகிறது. விரல் எடுத்த பிறகு காயிலுக்கு மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. காயில் தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. சிவப்பை அழுத்தினால் அந்த வழி அறுகிறது, காயில் விட்டுவிடுகிறது, மோட்டார் நிற்கிறது. மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரத்தை இழுத்துச் சூடேறினாலும், அங்கே இருக்கும் ஓவர்லோடு ரிலே அதே வழியை அறுத்துவிடும்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கரண்டு போனால் காயில் விட்டுவிடும். கரண்டு திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. மறுபடி ஒருவர் வந்து பச்சையை அழுத்த வேண்டும். ஏன் இப்படிச் செய்தார்கள்? கரண்டு இல்லாத நேரத்தில் ஒருவன் மோட்டாரில் கை வைத்து வேலை செய்துகொண்டிருக்கலாம். அவன் உயிரைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நடு இரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்குக் காத்திருக்கச் சோம்பி, பச்சைப் பொத்தானில் குச்சியைச் செருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டி வைப்பது பொத்தானை அல்ல, ஒரு மனிதனின் உயிரை. மோட்டாரில் கை வைக்கும் முன் மெயினை நிறுத்து. பியூஸ்களைப் பிடுங்கி உன் மடியிலேயே வைத்துக்கொள். பெரிய தொழிற்சாலைகளில் மெயின் சுவிட்சுக்கு அவனவன் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வதும் இதே தத்துவம்தான்.

பஞ்சாலையிலும் அதே பாடம்

பஞ்சாலைத் தோழர்களே! உங்கள் ரிங் பிரேமிலும் இதே பச்சை, இதே சிவப்பு. நிறுத்தும் பொத்தானை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அது எப்போதும் சேர்ந்தே இருக்கும், அழுத்தினால் பிரியும். ஏன்? பொத்தானுக்குப் போகும் கம்பி என்றாவது அறுந்துபோனால் யந்திரம் நின்றுவிட வேண்டும். மாற்றிச் செய்திருந்தால், கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. முடியோ சேலையோ சிக்கி ஒரு பெண் ஓடிவந்து சிவப்பை அழுத்தும்போது யந்திரம் நிற்காது. ‘பழுது வந்தால் நின்றுவிட வேண்டும், ஓடக் கூடாது’ என்பது கட்டுப்பாட்டுக் கல்வியின் முதல் சட்டம். சில இடங்களில் உற்பத்தி தடைப்படுகிறது என்று பாதுகாப்பு சுவிட்சின் இரண்டு முனைகளையும் கம்பி போட்டு இணைத்துவிடுகிறார்கள். அதைக் கண்டுபிடித்து, “இது என்ன?” என்று கேட்கத் தெரிந்த ஒரு தொழிலாளி அங்கே இருந்தால் ஒரு கை தப்பும்.

இன்று ஆலைகளில் பி.எல்.சி. என்ற பெட்டி வந்திருக்கிறது. அதன் பெயரைக் கேட்டே மிரள்கிறவர்கள் உண்டு. அதன் வரலாற்றைச் சொல்கிறேன். 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு தொல்லை. காரின் மாடல் மாறும்போதெல்லாம் சுவர் நிறைய இருக்கும் ரிலேக்களைக் கழற்றி, கம்பிகளைப் புதிதாகப் பூட்ட வேண்டியிருந்தது. கம்பியை மாற்றாமல் உத்தரவை மட்டும் மாற்றினால் போதும் என்ற ஒரு கருவியை அது கேட்டது. டிக் மார்லியும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ‘மாடிகான் 084’ 1969இல் வேலைக்கு வந்தது. அந்தக் கருவிக்கு உத்தரவு எழுதும் பாஷை எது தெரியுமா? எலெக்ட்ரீஷியன்கள் அதற்கு முன் ரிலேக்களுக்கு வரைந்துகொண்டிருந்த அதே படம். ஏணி மாதிரி இருப்பதால் அதற்கு ஏணிப் படம் என்றே பெயர். கிணற்றடி ஸ்டார்ட்டரின் பச்சையும், சிவப்பும், தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் நான்காவது தகடும் அந்த ஏணியின் முதல் படி. அதை விளங்கிக்கொண்டவனுக்கு அடுத்த படியில் கால் வைப்பது முடியாத காரியம் அல்ல.

மின்சாரம் வந்தது, கல்வி வந்ததா?

தமிழ்நாட்டில் 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் புறப்பட்டது. கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகின. 1937இல் மேட்டூரிலும் மின் உற்பத்தி தொடங்கியது. 1957இல் மின்சார வாரியம் அமைந்தது. கம்பிகள் கிராமம் கிராமமாக நடந்தன. ஏற்றத்தின் இடத்தில் பம்பு செட் வந்தது.

கம்பம் வந்த வேகத்தில் கல்வி வந்ததா? ஜி.டி. நாயுடு ஒரு முதலாளி. அவர் வழி வேறு, தொழிலாளி வழி வேறு. ஆனாலும் அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதிகம் பள்ளிக்கூடம் போகாத அவர், 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விச்சாலை தோன்றக் காரணமாக இருந்தார். தொழிலைக் குறுகிய காலத்தில் கையால் செய்து கற்க முடியும், ஆண்டுக்கணக்கில் ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை என்று வாதாடினார். சர்க்கார் அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். கைத்தொழில் அறிவை ஒரு சிலரின் சொத்தாகப் பூட்டி வைக்க வேண்டியதில்லை என்பதற்கு அந்த வாதமே சாட்சி.

1950இல் மத்திய சர்க்கார் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.டி.ஐ. என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் கீழ்தான் நடக்கின்றன. 2023இல் தமிழக அரசு, டாடா டெக்னாலஜிஸ் கம்பெனியோடு சேர்ந்து, 71 அரசு ஐ.டி.ஐ.களுக்கான 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் புதிய யந்திரக் கூடங்களைத் திறந்தது. ரோபோவும் தானியங்கிக் கருவிகளும் அங்கே வந்திருக்கின்றன. நல்லது. அந்தக் கூடத்தின் கதவுக்குள் நம் பிள்ளைகள் நுழைகிறார்களா என்பதுதான் நம் கேள்வி.

எங்கே படிப்பது? எப்படிப் படிப்பது?

விவரமாகவே சொல்கிறேன். பத்தாவது தேறியவர் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. எட்டாவது தேறியவருக்கு ஒயர்மேன் பிரிவு இருக்கிறது. வேலூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் பழங்குடி மக்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. டிப்ளமா முடித்தவருக்கு என்ஜினீயரிங் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. ஆக, ஐ.டி.ஐ. என்பது முட்டுச்சந்து அல்ல.

அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். ஐ.டி.ஐ. படிப்புக்கும் அது உண்டு. இது தர்மம் அல்ல, கேட்டு வாங்குங்கள். ஐ.டி.ஐ. பாடப் புத்தகங்களைத் தயாரிக்கும் மத்திய சர்க்கார் நிலையம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பாடம் தமிழிலும் கிடைக்கிறது. இங்கிலீஷ் தெரியாது என்று எவரும் பின்வாங்க வேண்டாம்.

“எனக்கு நாற்பது வயது. இருபது வருஷமாக ஒயரிங் வேலை செய்கிறேன். கையில் ஒரு காகிதமும் இல்லை” என்பவர்களும் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதலாம். சர்டிபிகேட் இல்லாதவனைக் குறைந்த கூலிக்கு வைத்து, விபத்து நடந்தால் ‘அவன் யாரென்றே தெரியாது’ என்று கைகழுவும் கான்ட்ராக்டர்களுக்கு அந்தக் காகிதமே பதில்.

மலையடிவாரத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் துப்பாக்கிக்கு 20 பேர் இரையானார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள் அவர்களில் பலர். ஜவ்வாது மலைப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். மரம் வெட்டும் தொழிலைத் தவிர வேறொன்றும் கையில் தராத சமூகத்துக்கு அந்தச் சாவில் பொறுப்பில்லையா? மலைமேல் இருக்கும் ஐ.டி.ஐ.யில் ஓர் இடம்கூடக் காலியாகக் கிடக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அப்ரண்டிஸ் என்ற பெயரில்

படித்து முடித்ததும் பையன் அப்ரண்டிஸாகப் போகிறான். இங்கேதான் விழிப்பு வேண்டும். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் அவனைப் பயிற்சி பெறுபவன் என்கிறது. தொழிலாளி அல்ல என்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, நிரந்தரத் தொழிலாளி செய்ய வேண்டிய வேலை முழுவதையும் உதவித்தொகைக்கு வாங்கிக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள். பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், ஏழைப் பெண்களை மூன்று வருஷம் ‘பயிற்சி’ என்று விடுதிக்குள் அடைத்து வைத்ததை நாடு அறியும். எழுந்த எதிர்ப்பின் பலனாக 2008இல் தமிழக அரசு பஞ்சாலை அப்ரண்டிஸ்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது.

அதே 1961 சட்டம் வேறு சிலவும் சொல்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அது பதிவாக வேண்டும். வேலையில் காயம்பட்டால் நஷ்டஈட்டுக்கு முதலாளி பொறுப்பு. ஆகவே பிள்ளையை அனுப்பும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒப்பந்தக் காகிதம் எங்கே? கற்றுத்தருபவர் யார்? மூட்டை தூக்க வைப்பது எலெக்ட்ரிக்கல் பயிற்சி ஆகாது.

யந்திரம் வேலையைப் பறிக்காதா?

பறிக்கும். மறைக்க வேண்டியதில்லை. ஆட்டோகோனர் வந்த ஆலையில் நூல் சுற்றிய கைகள் குறைந்தன. ஆனால் அந்தக் கையை வெளியே அனுப்பியது இரும்பா? இல்லை. மிச்சமான உழைப்பு முழுவதும் லாபமாகத் தன் பெட்டிக்குள் வர வேண்டும் என்று தீர்மானித்தவன் அனுப்பினான். யந்திரத்தை உடைப்பதால் இது தீராது. அறியாமையாலும் தீராது. “இந்த வேகத்துக்கு இத்தனை பிரேம்தான் ஒருவர் பார்க்க முடியும்” என்று பேச்சுவார்த்தையில் வாதாட வேண்டுமானால், வேகத்தைக் கூட்டும் டிரைவ் எங்கே இருக்கிறது, அது என்ன கணக்குக் காட்டுகிறது என்று நம் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யந்திரம் தெரிந்த தொழிலாளியை மிரட்டுவது கடினம். ஏமாற்றுவது அதைவிடக் கடினம்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு கிராமத்திலும் பத்தாவது முடித்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது.

2. வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியன் தோழர்கள் வாரம் ஓர் இரவு கூடிக் கற்றுத்தர வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் ஒன்று போதும். மின் இணைப்பில்லாமல் கழற்றிக் காட்டலாம்.

3. கணியம்பாடி ஒன்றியத்துப் பிள்ளைகளுக்கும் மலைப் பிள்ளைகளுக்கும் விடுதியும், வகுப்பு நேரத்துக்குப் பஸ்ஸும் வேண்டுமென்று சர்க்காரைக் கோர வேண்டும்.

4. ஐ.டி.ஐ.களில் காலியாகும் ஆசிரியர் இடங்களை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். ஆள் இல்லாத யந்திரக் கூடம் காட்சிசாலைதான்.

5. அப்ரண்டிஸ் காலம் முடித்தவனுக்கு அதே ஆலையின் காலி இடத்தில் முதல் உரிமை வேண்டும்.

தோழர்களே! கம்பம் நட்டவன் நாம். கம்பி இழுத்தவன் நாம். அந்தக் கம்பியின் முனையில் ஓடும் யந்திரத்தின் சூட்சுமம் மட்டும் ஏன் வேறொருவன் சட்டைப் பையில் இருக்க வேண்டும்? ஐ.டி.ஐ. சேர்க்கைக்கான அறிவிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் வேலையாகப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.