கன்னுக்குட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சிருங்க. காரணம், இடுப்புல ஒரு பசு முட்டிருச்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க. ஆனா அந்த முட்டு என்மேல விழ வேண்டியது இல்ல. அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

பொங்கலுக்கு மேலூர் பக்கம் எங்க அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தோம். தொழுவத்துல பசு கன்னு போட்டு மூணு நாள்தான் ஆகியிருந்தது. என் அக்கா பொண்ணுக்கு நாலு வயசு. சென்னையில அபார்ட்மென்ட்ல வளர்ற பிள்ளை. "மாமா, கட்டிப்பிடிச்சுக்கவா?"ன்னு கேட்டா. நான்தான் "போ, போ"ன்னு சொல்லிட்டு, போனை எடுத்து வீடியோ ஆன் பண்ணேன்.

அந்த வீடியோ இன்னும் என்கிட்ட இருக்கு. பதினோரு செகண்ட். முதல் நாலு செகண்ட் பாப்பா சிரிச்சுக்கிட்டே நடக்குறா. அஞ்சாவது செகண்ட்ல பசு தீனியை விட்டுட்டுத் தலையைத் தூக்குது. ஏழாவது செகண்ட்ல தலையைத் தாழ்த்தி 'புஸ்'ஸுன்னு மூச்சு விடுது. அதாவது, பசு ரெண்டு தடவை எச்சரிச்சிருக்கு. நான் ஸ்கிரீன்ல பாப்பா முகத்தை மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன். பத்தாவது செகண்ட்ல அப்பத்தா போட்ட சத்தம். அப்புறம் போன் கீழ விழுந்து, தொழுவத்துக் கூரை தெரியுது.

பிள்ளையைத் தூக்கிட்டுத் திரும்பும்போது முட்டு என் இடுப்புல விழுந்தது. கயிறு அத்தோட முடிஞ்சதால தப்பிச்சோம். அப்பத்தா முதல்ல என்னைத் திட்டல. நேரா பசுகிட்டப் போய் கழுத்தைத் தடவிக் கொடுத்தாங்க. அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாங்க: "அவ பச்ச உடம்புக்காரிடா. பெத்தவகிட்டக் கேக்காம பிள்ளையத் தூக்குவியா?"

மறுநாள் அவங்களே பாப்பாவைக் கூட்டிட்டுப் போனாங்க. நான் பார்த்துக் கத்துக்கிட்டது இது.

தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல நிக்கவே கூடாது. அப்பத்தா பசுவைக் குட்டைக் கயிறா கட்டி, தீனி போட்டுட்டு, கன்னை அது கண்ணுல படுற மாதிரி தள்ளிப் பிடிச்சாங்க. மறைச்சா தாய் இன்னும் மிரளும். பின்னாடியிருந்து போகக் கூடாது. மாட்டுக்கு நேர் பின்னாடி கண்ணு தெரியாது, திடுக்கிட்டா உதைக்கும். பின்னங்காலைப் பக்கவாட்டுலயும் வீசும். அதனால பேசிக்கிட்டே, தோள்பட்டைப் பக்கமா போகணும்.

பாப்பாவை ஒரு கல்லுல உட்கார வச்சுட்டு, "நீ போகாத, அது வரும்"னு சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சு. கன்னு மெதுவா வந்து மோந்து பார்த்துச்சு. கழுத்துலயும் தோள்லயும் தடவலாம். உச்சந்தலையைத் தள்ளி விளையாடக் கூடாது. இப்போ அது விளையாட்டு மாதிரி இருக்கும். அதே பழக்கம் வளர்ந்த காளைக்கோ கிடாவுக்கோ இருந்தா, ஆள் தாங்க முடியாது. ஆட்டுக்குட்டியைத் தூக்கணும்னா, முன்னங்காலைப் பிடிச்சுத் தூக்காம, நெஞ்சுக்குக் கீழ ஒரு கை, பின்பக்கம் ஒரு கை கொடுக்கணும்.

கன்னு உடனே பாப்பா விரலைச் சப்ப ஆரம்பிச்சுச்சு. அங்கதான் நம்ம யாரும் யோசிக்காத விஷயம் இருக்கு. கன்னைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர்கிட்ட நான் கேட்டேன். கழிச்சல் இருக்கிற கன்னுகிட்டயிருந்து நமக்கும் வயித்துப்போக்கு தொத்தும்னு சொன்னார். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி. அதை சானிடைசர் கொல்லாது. சோப்பு போட்டு, ஓடுற தண்ணில கழுவணும். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். கோழிக்குஞ்சும் அப்படித்தான்: பார்க்க ஆரோக்கியமா இருந்தாலும் சால்மோனெல்லா இருக்கலாம். திருவிழாவுல வாங்குற கலர் குஞ்சுக்கு முத்தம் கொடுக்காதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க மாடோ ஆடோ ஈனுற இடத்துக்கும், நஞ்சுக்கொடி பக்கத்துலயும் போகாம இருக்கிறது நல்லது. புருசெல்லா மாதிரி கிருமிகள் அது வழியா பரவும். காய்ச்சாத பால் வழியாவும் வரும்.

கடைசியா ஒண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு கன்னு தீனி எடுக்காம, வாயில எச்சில் வழிஞ்சுக்கிட்டே, வித்தியாசமா கத்துதுன்னு வச்சுக்கோங்க. தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு நினைச்சு யாராவது கையை உள்ள விடுவாங்க. விடாதீங்க. வெறிநாய் கடிச்ச மாட்டுக்கும் ரேபிஸ் வரும், அதோட அறிகுறியும் இதேதான். அந்த எச்சில் உங்க காயத்துலயோ கண்ணுலயோ வாயிலயோ பட்டிருந்தா தண்ணியால நல்லா கழுவுங்க. காயம்னா சோப்பு போட்டு 15 நிமிஷம். அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்க தடுப்பூசி இலவசம். அறிகுறி வந்துட்டா அந்த நோய்க்கு வைத்தியம் கிட்டத்தட்ட இல்ல, அதனால 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'னு தள்ளாதீங்க. மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னா தமிழ்நாட்டுல கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962.

ஊருக்குக் கிளம்பும்போது பாப்பா தொழுவத்து வாசல்ல நின்னு, "பசு, நான் உள்ள வரலாமா?"ன்னு கேட்டா. பசு அசை போட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தா, "வரச் சொல்லுது"ன்னாங்க. நானும் கூடப் போனேன். இந்த தடவை போன் பாக்கெட்ல இருந்தது.

உங்க ஊர் தொழுவத்துல நீங்க வாங்குன உதை, கத்துக்கிட்ட பாடம் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.