பிழையைச் சொல்ல ஓர் இடம்



1990களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்சன், வைத்தியசாலை விடுதிகளில் மருந்து வழங்கும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் தாதியர் குழுக்களில் பிழைகள் குறைவாயிருக்கும் என எதிர்பார்த்தார். பதிவுகளோ அங்கேதான் அதிகம் என்றன. அக்குழுக்கள் பிழைகளை மறைக்காமல் சொன்னமையே காரணம் எனக் கண்டார். 1999இல் வெளியான கட்டுரையில் இதனை ‘உளவியல் பாதுகாப்பு’ என விளக்கினார்.

எங்களுக்கும் ஓர் அனுபவம் உண்டு. கணக்கில் பிழைவிட்ட இளம் உத்தியோகத்தர் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் ஏசினோம். அடுத்த பிழையை அவர் எங்களிடம் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வந்து சொன்னபோதே அறிந்தோம். அன்று வெட்கப்பட்டவர்கள் நாங்கள்தான்.

இப்பொழுது பிழையோடு வருபவரிடம், “சொன்னது நல்லது” என்கிறோம். பிறகே, “எப்படி நடந்தது?” எனக் கேட்கிறோம். பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் தெரியாத பிழையை யார் திருத்துவது?

“விளங்கவில்லை, ரீச்சர்” என்று கையுயர்த்திச் சொல்ல இக்கல்லூரி எங்களுக்கு இடம் தந்தது. பொறுப்பான பதவிகளில் இருக்கும் நாம், நமக்குக் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைக் கொடுப்போம்.