பட்டாளத்து அணியும் நம் மைதானமும்

(ஆத்தூரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினீயரை மேடையேற்றினால் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் கால்பந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. சங்கத்தின் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்ய இன்று மாலை பொதுக்குழு கூடுகிறது. நுழைவாயிலில் அலங்கார வளைவு கட்டலாம் என்பது ஒரு யோசனை. மைதானத்தைச் சீர்செய்து கால்பந்து அணியை மறுபடி உருவாக்கலாம் என்பது இன்னொன்று. "கால்பந்துக்குப் பணம் போட்டு என்னப்பா கிடைக்கப் போகுது?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, நம் நீலகிரியிலிருந்து டெல்லிக்குப் போய் ஜெயித்து வந்த ஒரு பட்டாளத்து அணியின் கதையைச் சொல்கிறேன்.

குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் இருக்கிறது. 1758-இல் தொடங்கும் வரலாறு கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பையன்கள் அங்கே வந்துதான் சிப்பாய் ஆகிறார்கள். அந்த மையத்துக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர், சுருக்கமாக எம்.ஆர்.சி.

டூராண்டு கோப்பை ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி. 1888-இல் சிம்லாவில் தொடங்கியவர் மார்ட்டிமர் டூராண்டு. ஆப்கானிஸ்தான் எல்லைக்கோட்டுக்குப் பெயர் கொடுத்தவரும் இவரே. முதலில் அது வெள்ளைக்காரப் பட்டாளங்களின் போட்டி. 1940-இல்தான் முதன்முதலாக ஓர் இந்திய அணி, கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், அதை வென்றது. பிறகு பத்தாண்டு இடைவெளி. 1950-இல் டெல்லியில் மறுபடி தொடங்கியது.

1950 முதல் 1959 வரை பத்துக் கோப்பைகள். ஐந்து கொல்கத்தாவின் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் போயின. மீதி ஐந்து யாருக்குத் தெரியுமா? எல்லாமே காக்கி உடுப்புக்கு! ஹைதராபாத் சிட்டி போலீஸ் மூன்று முறை, நம் எம்.ஆர்.சி. இரண்டு முறை. 1955 இறுதி ஆட்டத்தில் இந்திய விமானப்படையை 3-2 என்றும், 1958-இல் கூர்க்கா பிரிகேடை 2-0 என்றும் வென்றார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை தமிழ்நாட்டு மண்ணிலிருந்து போன எந்த அணியும் டூராண்டு கோப்பையைத் தூக்கியதில்லை.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த தமிழ்ப் பெயர்க்காரர். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடிவிட்டு 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் அவர் கோல் அடிக்கும் சென்டர் பார்வர்டு! பட்டாளத்தில்தான் கோல் காக்கும் ஆளாக மாறினார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக் அணிகளில் இடம். சந்தோஷ் கோப்பையைச் சர்வீசஸ் அணி முதன்முதலாக வென்றதும் அவர் காலத்தில்தான். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியபோது கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவர் அவரே. 1967-இல் அர்ஜுனா விருது. 2008-இல் மறைந்தார்.

ஒரு பயிற்சி மையத்துக்கு இது எப்படி முடிந்தது? மாயம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பந்து உதைத்துப் பிழைக்க முடியாது. பட்டாளம் அந்தப் பையனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது; மெஸ்ஸில் வயிறாரச் சோறு, காலுக்கு பூட்ஸ், அடிபட்டால் டாக்டர், தினமும் மைதானத்தில் நிற்க நேரம். ஆட முடியாத வயசிலும் வேலை இருக்கும் என்ற தைரியம். கம்பெனிக்குக் கம்பெனி, பட்டாலியனுக்கு பட்டாலியன் என்று ஆடவிட்டு, நல்லவனைச் சலித்து எடுத்தார்கள்.

குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். எல்லையில் சண்டை என்றால் சிப்பாய்க்கு ஆட்டம் இரண்டாம் பட்சம்தான். 1962-இல் டூராண்டு போட்டியே நடக்கவில்லை. நன்றாக ஆடுகிறவர்களைக் கொல்கத்தா இழுத்துக்கொண்டது. தங்கராஜே பின்னாளில் அங்கே மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1966-இலும் 1969-இலும் கூர்க்கா பிரிகேடு வென்றது. அதன்பின் ராணுவத்துக்குக் கோப்பை வந்தது 2005-இல் ஆர்மி லெவன், 2016-இல் ஆர்மி கிரீன் மூலம். இவை ராணுவம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த அணிகள். தனி ரெஜிமெண்டின் காலம் முடிந்துவிட்டது.

வெறும் பணம் போதுமா என்றால், அதுவும் இல்லை. கோவையில் ஆடி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி, 2021-க்குப் பிறகு அந்த லீக்கில் ஆடவே இல்லை. ஆனால் 2012 சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். நம் தமிழ்நாட்டை 3-2 என்று வென்றது யார்? சர்வீசஸ்! தங்கராஜ் காலத்துக்குப் பிறகு, ஐம்பது வருஷம் கழித்து அவர்களுக்குக் கிடைத்த இரண்டாவது கோப்பை அது. இடையில் அவர்கள் ஆட்களைச் சேர்ப்பதையும் விடவில்லை, சோறு போடுவதையும் விடவில்லை.

நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். திண்டுக்கல்லில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீருக்கு நம் ஆத்தூர் காமராஜர் அணையும் ஒரு காரணம். குடிக்கிறவருக்குக் குழாய்தான் தெரியும், அணை தெரியாது. கோப்பை என்பது குழாய்த் தண்ணீர். வெலிங்டனில் நடந்தது அணை வேலை.

நம்மால் ரெஜிமெண்ட் நடத்த முடியாது. ஆனால் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு தம்பி, சாயங்காலம் ஆடிவிட்டுப் பசியோடு வீடு போகாமல் பார்த்துக்கொள்ள முடியும். பூட்ஸ் வாங்கித் தர முடியும். நம்மில் எத்தனையோ பேர் மில்லிலும் கம்பெனியிலும் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறோம். படிப்பு முடிந்ததும் அவனுக்கு ஒரு வேலைக்கு வழி காட்ட முடியும். தங்கைகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

அந்த அண்ணனுக்கு என் பதில் இதுதான். கோப்பை கிடைக்குமா, தெரியாது. ஆள் கிடைப்பான். வளைவை அடுத்த வருஷம்கூடக் கட்டலாம். இந்த வருஷம் மூன்றாம் ஆண்டு படிக்கிற பையன் அடுத்த வருஷத்துக்கு மேல் இங்கே இருக்க மாட்டான். மாலையில் கை தூக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.